செவலை நாயும் வீட்டுக்காரரின் உடல்நலமும்

ரஸ்க்கை ஈரம் படாமல் வைத்தால் ஒரு மாதம்கூட மொறுமொறுப்பாக இருக்கும். நான் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் தகர டப்பாவில் வைத்திருந்தேன்.

என் வீட்டுக்காரர் சண்முகையா கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தார். எண்பத்து மூன்றாம் வருடம், ஆடித்தபசு முடிந்த வாரம், ஆசிரியர்களின் உடல்தகுதியையும் வாழ்க்கைத் தரத்தையும் ஆராய்கிறோம் என்று பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு பேர் சங்கரன்கோவிலுக்கு வந்தார்கள். இவரை முக்காலியில் ஏறி இறங்கச் சொன்னார்கள். நான்காவது தடவை முக்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"வீட்டுல உடலுழைப்பு ஏதும் உண்டா சார்?"

"அதுக்குத்தான் இவ இருக்காள்லா."

"வாழ்க்கை எப்படிப் போகுது?"

"நூத்துக்கு நூறு போட்டுக்கிடுங்க."

நான் அப்போது அவர் குளிக்க வெந்நீர் விளாவிக்கொண்டிருந்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இதயத்தை நினைத்துத்தான் கவலைப்பட்டேன்.

நடக்கச் சொன்னால் கேட்கிறவர் இல்லை. தெருமுனையில் ஒரு செவலை நாய் கிடக்கும், பரம சாது. அவருடைய பழைய சட்டையை முகரவைத்து அதற்கு ரஸ்க் கொடுத்துப் பழக்கினேன். பிறகு தினமும் அவர் பேண்ட்டின் பின்பக்கப் பாக்கெட்டில் ஒரு ரஸ்க் வைத்தேன். அவர் அதில் கைவிட மாட்டார். பேனாவைக்கூட நான்தான் செருகிவிட வேண்டும். துவைக்கிறவளும் நான்தான். சாயங்காலம் நாய்க்குக் கூலியைத் தனியாகக் கொடுத்துவிடுவேன்.

அது வாலாட்டிக்கொண்டேதான் துரத்தியது. முன்னால் ஓடுகிறவருக்கு வால் தெரியாது.

"ஏட்டி, இந்தச் சனியனுக்கு எம்மேல என்ன கோவம்? கல்லெடுத்து எறியட்டா?"

"கல்லெடுத்தா கொதறிப்போடும். ஓடிருங்க."

பஸ் ஸ்டாண்டு வரை ஓடினார். தொப்பை வற்றியது. மறுவருடம் அதே இரண்டு பேர் வந்தபோது, முக்காலியில் ஏறி இறங்கிக்கொண்டே பேசினார். கல்லூரியிலேயே முதலிடம். வாழ்க்கை எப்படி என்று கேட்டதற்கு, "நாய்ப் பொழப்புவே" என்றார்.

அன்றோடு நிறுத்தியிருக்கலாம். டாக்டரும் ஓடினது போதும் என்றார். நான் இரண்டு ரஸ்க்காக வைத்தேன். உடம்பு மறுபடி போட்டுவிடக் கூடாதே.

தை மாதத்தில் ஒரு காலை, நெசவாளர்கள் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருந்தார்கள். திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடியவர் அதில் சிக்கி, கல்லில் தலை மோத விழுந்தார். நெசவாளி வேல்சாமி வீட்டுக்கு ஓடி வந்தான்.

"சார் போயிட்டாருக்கா. நாய் கடிக்கத்தான் குனியுதுன்னு கம்பெடுத்தேன். அது பாக்கெட்டுல கெடந்த ரஸ்க்க எடுத்துத் தின்னுட்டு, அவரு மொகத்த நக்கிக்கிட்டு நிக்கி. ரஸ்க் எப்படிக்கா வந்துச்சு?"

"பசிக்குமேன்னு வச்சுவிட்டேன்" என்றேன். பொய்யில்லை. யாருக்கு என்று அவன் கேட்கவில்லை.

நன்றாக அழுதேன். பதினாறாம் நாள் வந்தவர்கள் எல்லாரும், "சாகும்போதும் என்னா தெம்பான உடம்பு!" என்றார்கள். கேட்க நிறைவாக இருந்தது.

இப்போது எனக்குத் துணையென்று அவர் தம்பி குருசாமி வந்து தங்கியிருக்கிறார். அவரும் கல்லூரி ஆசிரியர்தான். காலையில் கட்டிலில் இருந்தபடியே, "மதினி, வென்னி போட்டாச்சா?" என்று குரல் கொடுக்கிறார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

எனக்கு அவர் மேல் கோபம் எதுவும் கிடையாது. அவருடைய சட்டை ஒன்றை நேற்றுத் துவைக்காமல் எடுத்துவைத்திருக்கிறேன்.