வேல்ஸ் கோயில் வரலாற்றில் ஒரே ஒரு வரி

கூரை, கூரை, கூரை! அந்த வரலாற்றில வேற ஒண்டுமில்லைத் தம்பி! இரும், அந்தக் கதிரைய இழுத்துப்போட்டு இரும். ஆராதனை முடிஞ்ச உடன ஓடப்பாக்கிறீர்? மெல்பேணுக்குப் புதுசா வந்த ஆள், தேத்தண்ணியக் குடிச்சு நாலு முகம் பழகவேணுமெல்லே!

எங்கட ஃபாதர் வேல்ஸ்காரர். அவற்ற ஊர்ப் பேர் லான் எண்டு தொடங்கும், மிச்சத்தைச் சொன்னா நாக்குச் சுளுக்கும். அந்த ஊர்க் கோயிலின்ர வரலாற்றை எங்கட தமிழ் ஆராதனைப் புத்தகத்தில போடவேணுமாம். 'ஞானம்மாள் ரீச்சர், நீங்கள்தானே சரித்திரம் படிப்பிச்சனீங்கள்' எண்டு இங்கிலீசில கெஞ்சி, பதிமூண்டு பக்கத்தைத் தமிழில மாத்தச்சொல்லி என்ர தலையில கட்டிவிட்டார். அது போன வருஷம், தொண்ணூற்றேழில.

வாசிச்சுப் பாத்தன். ஆயிரத்து முந்நூற்று நாப்பதில கூரை விழுந்துதாம். கட்டினவையாம். பிறகு புயலுக்குத் திரும்ப விழுந்துதாம். பிறகு மணி வெடிச்சுதாம், கூண்டுக்க வௌவால் பூந்துதாம். ஆயிரத்து எண்ணூற்று எழுபதில... ஓம், கூரைதான்! இது சரித்திரமோ, மேசன்ர டயறியோ? ஊற்று ஒண்டிருக்காம், ஒரு புனிதர் அதில கால் கழுவினவராம். அவ்வளவுதான்! கழுவிப்போட்டுப் போயிட்டார்! நீரே சொல்லும், அற்புதம் இல்லாத கோயிலை எங்கட சனம் திரும்பியும் பாக்குமோ?

அதால... ஒரு வரி. ஒரே ஒரு வரி சேத்தனான். 'கடல் கடந்து தஞ்சம் கேட்போர் இப்புனிதருக்கு நேர்த்தி வைத்துக் கடிதம் எழுதினால் விசா அலுவல் கைகூடும்.' சும்மா ஒரு வடிவுக்கு! அடியில அந்தக் கோயில் விலாசத்தையும் போட்டன்.

சிவலிங்கத்தார் சைவம். எங்கட மண்டபத்துத் தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளையை விட வந்த மனிசன் அதை வாசிச்சு, எழுதியும் போட்டுட்டார். அடுத்த மாசமே பி.ஆர்., நிரந்தர விசா! வாய் சும்மா கிடந்துதே? கேரம் டவுன்ஸ் சைவக் கோயிலில நிண்டு கண்ட கண்ட ஆக்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறார். நாப்பது வீடுள்ள அந்த ஊருக்கு முந்நூறு தமிழ்க் காயிதம் போயிருக்கு! ஆரோ ஒரு புண்ணியவதி கற்பூரமும் அனுப்பியிருக்கிறா. இது தின்னுற சாமானோ எண்டு கேட்டு அங்கத்தைப் போதகர் எழுதியிருக்கிறார்.

எங்கட ஃபாதருக்கு முகம் சிவந்துபோச்சு. இண்டைக்குத் தேத்தண்ணி முடிய நான் எழும்பி, எல்லாற்ற முன்னாலயும், 'அது என்ர கற்பனை' எண்டு சொல்லவேணுமாம்! முப்பது வருஷம் படிப்பிச்சவளுக்கு வந்த வெக்கக்கேட்டைப் பாரும். எல்லாம் ஆரால? சிவலிங்கத்தாரால! ...சரி, சரி, என்னாலதான். என்ர கொழுப்பால.

என்ன தம்பி, ஏன் முகம் செத்துப்போச்சு? கையில என்ன, என்வலப்போ? காட்டும்... லான்... ஐயோ. அகதி விசாரணை எப்ப? செவ்வாய்க்கிழமையோ! மனிசியும் பிள்ளையும் எங்க... வவுனியா முகாமிலயோ? கடவுளே, என்ர வாய்க்குப் பூட்டுத்தான் போடவேணும்.

நான் உளறினதை விட்டுத்தள்ளும். கிழவிக்கு மறதி. அந்த வரியை நான்தான் எழுதினனோ, முதலே அதில கிடந்துதோ, ஆர் கண்டது? அழாதையும் ராசா. இஞ்ச தாரும். முத்திரை காணாது, என்னட்டை ஒண்டு கிடக்கு, ஒட்டிவிடுறன். காயிதத்தையும் எடும், உமக்காக நானும் அடியில ரெண்டு வரி எழுதவேணும்.

அந்தா, ஃபாதர் என்னைத்தான் கூப்பிடுறார். மைக்கை வேற நீட்டுறார்... சொறி ஃபாதர்! நோ, நோ, இண்டைக்கு ஏலாது! எனக்குத் தொண்டை கட்டிப்போச்சு, ஒரு சொல்லும் வருகுதில்ல!