முதல் வெந்நீர்

வெளிநாட்டு இணையக் கடையில் சாமான் வாங்குவதென்றால், புகழ்ந்து எழுதியவர்களை விட்டுவிட்டுத் திட்டி எழுதியவர்களைத்தான் முதலில் படிக்க வேண்டும், இன்ஸ்பெக்டர் சார். புகழ்கிறவன் கூலி வாங்கியிருக்கலாம். திட்டுகிறவன் பொருளை வாங்கிப் பட்டவன். மல்லேஸ்வரத்தில் என் பிரௌசிங் சென்டருக்கு வருகிற எல்லாரிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன். என் பேச்சைக் கேட்டு யாரும் ஏமாந்ததில்லை. வேண்டுமானால் விசாரித்துப் பாருங்கள்.

கஸ்தூரிரங்கன் சாரும் என்னிடம் வருகிறவர்தான். பேங்க் மேனேஜராக இருந்து ரிடையரானவர், பக்கத்துத் தெருவில் சொந்த வீடு. ஆனால் கடைக்கு வந்தால் உட்கார மாட்டார். கண்டவர்களும் உட்கார்ந்த நாற்காலியாம். எனக்குப் பின்னால் தள்ளி நின்றுகொள்வார். திரையில் இருப்பதை நான் படித்துச் சொல்ல வேண்டும். வந்த முதல் நாள் பெயரைக் கேட்டார். ரெமிஜியஸ் என்றேன், கிறிஸ்தவப் பெயர்.

"வேதத்துல சேர்றதுக்கு முன்னாடி நீங்கள்லாம் என்ன ஜாதி?"

கடையில் காலேஜ் பிள்ளைகள் இருந்தார்கள். நான் சிரித்தேன். கடை நடத்துகிறவன் சிரிக்கத்தான் வேண்டும்.

அவருக்கு வரும் மெயில்களைப் பிரிண்ட் எடுத்துக் காலையில் வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவர் மனைவி மங்களம் மாமிதான் கதவைத் திறப்பார், ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு. "மாமா இன்னும் குளிக்கலைப்பா, பேப்பரும் கையுமா இருக்கார். நீ திண்ணைல உக்காரு, காபி தரேன்" என்பார். எனக்கு எப்போதும் குடித்துவிட்டுத் தூக்கிப் போடுகிற பிளாஸ்டிக் கப்தான். அது அவருடைய உத்தரவு.

ஒரு நாள் அவர் வெளியே போயிருந்தார். மாமி எனக்கு எவர்சில்வர் டம்ளரில், டபராவோடு காபி கொடுத்தார். பாதி குடித்திருக்கும்போது அவர் வந்துவிட்டார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. மாமியிடம்தான் சொன்னார், எனக்குக் கேட்கட்டும் என்றே.

"அந்த டம்ளரை வேலைக்காரிட்ட குடுத்துடு. உள்ள எடுத்துண்டு போகாதே."

மீதிக் காபியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். நல்ல காபி. அதை ஏன் வீணாக்க வேண்டும்.

கார்த்திகைக் குளிர் தொடங்கியதும் அவர் ஒரு ஹீட்டர் கேட்டார். குழாய் முனையில் மாட்டினால் அப்போதே வெந்நீர் கொட்டும். கீசரைப் போலக் கரண்டைத் தின்னாது. சீனாக்காரன் ஒருவன் அடிமாட்டு விலைக்குப் போட்டிருந்தான். கீழே ஒருவர் திட்டி எழுதியிருந்தார்: எர்த் இல்லை, தண்ணீரில் ஷாக் அடிக்கிறது, என் தம்பி ஆஸ்பத்திரியில் இருக்கிறான், தயவுசெய்து வாங்காதீர்கள்.

"சேஃப்தானே?" என்றார்.

"ஸ்வல்ப இப்படி உக்காந்து நீங்களே ஒருவாட்டி பாருங்க சார்."

"உக்கார்றதெல்லாம் வேண்டாம். நீ படி."

படித்தேன். புகழ்ந்தவர்களை மட்டும் படித்தேன். நான் நியாயமாகத்தான் நடந்துகொண்டேன் சார். நாற்காலியைத் துடைத்துக்கூடப் போட்டேன்.

பார்சல் வந்ததும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடப் போனார். வீண் செலவு எதற்கு, நானே மாட்டுகிறேன் என்றேன். கொல்லைப்புறமாக வரச் சொன்னார். அந்த வீட்டுக்குள் நான் போனது அன்றைக்குத்தான். குளியலறைக் குழாயில் மாட்டிவிட்டு வெளியே வந்தேன். நான் மிதித்த இடத்தில் வேலைக்காரி தண்ணீர் ஊற்றிக் கழுவினாள்.

மறுநாள் காலை மாமி குழாயைத் திறந்தார். பிறகு அவர் வெளியே வரவில்லை.

எல்லாரும் விபத்து என்றார்கள். நானும் சாவுக்குப் போய் வாசலில் நின்றேன். பிறகு யாரோ உறவுக்காரப் பையன் அந்தத் திட்டை இணையத்தில் தேடிப் பிடித்து அவருக்குப் படித்துக் காட்டியிருக்கிறான். அதன்மேல்தான் புகார் கொடுத்திருக்கிறார். "என்னைக் கொல்லத்தான் மாட்டினான், பாவம் அவ முந்திண்டா" என்று அவர் சொன்னதாக நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். தெரிந்தே மாட்டினேன் என்பது சரி. மீதி தப்பு. அதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

அந்த வீட்டில் குளிக்காமல் அடுப்படிக்குள் போகக் கூடாது. மாமி குளித்துவிட்டு வந்து அடுப்பைப் பற்றவைத்து, காபி கலந்து கொடுத்து, அதைக் குடித்துப் பேப்பரையும் முடித்த பிறகுதான் அவர் எழுந்து குளிக்கப் போவார். ஒரு நாளும் இது மாறியதில்லை. எத்தனை காலை அந்த ஈரத் தலையைப் பார்த்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா.

அவர் செத்துவிட்டால் என்ன பிரயோஜனம் சார். அவர் இருக்க வேண்டும். தினமும் காலையில் தன் காபியைத் தானே கலந்து, தன் டம்ளரைத் தானே கழுவி வைக்க வேண்டும்.

மாமிமேல் எனக்கு ஒரு விரோதமும் கிடையாது. அவர் பெயரில் எங்கள் மாதா கோயிலில் பூசைக்குக் கொடுத்திருக்கிறேன். அந்த வீட்டில் என்னை மனிதனாக மதித்தவர் அவர் ஒருவர்தான்.