செல்லமுத்து பாடிய ஸ்பானியப் பாட்டு

விழாத் தலைவர் குப்புசாமி ஐயா அவர்களே! மூடுபனியையும் பாராமல் முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோரே! மிளகுக்காட்டு வேலை முடித்த கையோடு வந்திருக்கும் தாய்மாரே! செம்மேட்டுத் திடலை நிறைத்து நிற்கும் செந்தமிழ் நெஞ்சங்களே! வணக்கம்.

பாட்டுப் போட்டிக்கு நடுவராக அழைத்தீர்கள். தீர்ப்புச் சொல்ல எழுந்தேன். தெளிவுதான் வரவில்லை!

சற்றுமுன் இங்கே பாடினாரே செல்லமுத்து, அவர் போர்வெல் லாரியோடு கடல் கடந்து, ஸ்பானிய மொழி பேசும் நாட்டில் நான்காண்டு உழைத்தவர். மனைவி கலைச்செல்வியின் தந்தை இறந்தபோதும் வர முடியாதவர். அந்த வருத்தத்தில் கலைச்செல்வி இதே மலையில் அரியூர் நாட்டிலுள்ள தாய்வீட்டுக்குப் போனார். கணவர் திரும்பியும் அவர் திரும்பவில்லை. இது ஊரறிந்த சேதி.

செல்லமுத்து பாடியது ஸ்பானியக் காதல் பாட்டு. ஒரு சொல் எனக்குப் புரிந்ததா? இல்லை. ஒரு வரி உங்களுக்கு விளங்கியதா? இல்லை. பிறகு ஏன் என் பேனா நின்றது? ஏன் என் கண் நனைந்தது? பின்னால் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், தொடக்கத்தில் நானும் சிரித்தவன்தான்! நடுவில் அவர் குரல் உடைந்தது பாருங்கள், அங்கே அடங்கிப்போனேன்.

"என்னப்பா அர்த்தம்?" என்று கேட்டேன்.

"என்னை உட்டுப் போயிராதன்னு கெஞ்சறதுங்க ஐயா. கூட வேலை செஞ்சவரு சொல்லிக் குடுத்தாருங்க."

விழா பார்க்க வந்திருந்த கலைச்செல்வி கூட்டத்தின் நடுவே எழுந்தார். "ஏனுங்க, போனது நீங்கதானுங்க? என்னையப் போகாதன்னா என்னங்க நாயம்?"

செல்லமுத்து மைக்கைத் தாழ்த்தினார்.

"நான்தான் கண்ணு போனேன். அங்க இந்தப் பாட்டைக் கேக்கறப்பெல்லாம் நீ என்னையக் கெஞ்சற மாதிரியே இருந்துச்சு. அதான் பாடுனேன்."

மன்னித்தேன் என்றாரா அந்த அம்மா? இல்லை. மறுத்தாரா? அதுவும் இல்லை. "இன்னொருக்கா பாடுங்க" என்றார். பாடினார். நாம் எல்லோரும் அழுதோம்.

விதிப்படி தமிழ்ப் பாட்டுக்கே பரிசு. முதல் பரிசு தமிழில் அருமையாகப் பாடிய மேகலாவுக்கு, அதில் ஐயமில்லை. ஆனால் செல்லமுத்துவுக்கு நான் என்ன மதிப்பெண் போடுவேன்? தாய்மொழியில் வராத சொல் வேற்றுமொழியில் வந்ததே, அது வீரமா, வெட்கமா? தெரியவில்லை! தெரிந்தது ஒன்றுதான்: தமிழ் நன்றாகத் தெரிந்தும், நம் வீட்டாரிடம் நாம் சொல்லாமல் விட்ட சொற்கள் எத்தனை, எத்தனை, எத்தனை!

அதோ, இருவரும் கிளம்பிவிட்டார்கள். "செல்லமுத்து, எந்த பஸ்ஸுப்பா?"

"அவ ஏறுற பஸ்ஸுங்க ஐயா!"

கை தட்டுங்கள்! பொறுமையோடு கேட்ட உங்களுக்கு, குழப்பம் தீராத இந்த நடுவரின் நன்றியும் வணக்கமும்!