இருவருக்கான அறை

அந்த ஹோட்டலைப் பற்றி யாரும் ஒரு குறை சொல்ல முடியாது, மச்சான். நூறு வருஷத்துக்கு முந்தைய கட்டிடம். ரயில் மாறக் காத்திருப்பவர்கள் தங்குவதற்காக யாரோ ஒரு வியாபாரி கட்டியதாம். மரப்படி ஏறினால் ஒவ்வொரு படியும் முனகும். அறைகளை மட்டும் புதிதாக்கியிருந்தார்கள். கட்டிலுக்கு எதிரே, ஜன்னலோரம், பெரிய வெள்ளைத் தொட்டி. பொத்தானை அழுத்தினால் நாலு பக்கமிருந்தும் வெந்நீர் பீய்ச்சிச் சுழலும். ஆள் வைத்துப் பிடித்துவிட்ட மாதிரி உடம்பு லேசாகிவிடும். உங்கள் தங்கைக்கு அப்போது முதுகுவலி. அதனால்தான் அழைத்துப் போனேன் என்று உங்களிடம் சொன்னேன். அது பொய்யில்லை. முழுசாகச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்திருக்கிறீர்கள். வெந்நீர்த் தொட்டியில் உட்காரலாம் என்று தான் சொல்லவேயில்லை என்கிறார். அவர் சொல்வது சரி. நான் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. உட்காருங்கள், சொல்கிறேன். அவள் உள்ளே தூங்குகிறாள்.

நாங்கள் இருவரும் எப்படி இருந்தோம் என்று உங்களுக்குத் தெரியாது. சாயங்காலமானால் என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்துவிடுவாள். கடைசி வாடிக்கையாளர் போனதும் பவர் கூடின கண்ணாடி ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு, கண் இரண்டும் முட்டை முட்டையாகத் தெரிய, அன்றைக்கு வந்தவர்களைப் போலவே பேசிக் காட்டுவாள். நான் சிரித்த சிரிப்பில் ஷட்டரை இழுக்கக் கையில் பலம் இருக்காது. அதில் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. இருந்தவர்களையும் நான் மெல்ல மெல்ல விலக்கினேன். சிநேகிதி ஒருத்தி வந்துகொண்டிருந்தாள். உன் முதுகுக்குப் பின்னால் அவள் உன்னைக் கேலி பேசுகிறாள் என்று ஒரு நாள் சொன்னேன். அந்த வரத்து நின்றது. எந்நேரமும் மடியில் கிடந்த பூனையைத் தூரத்துச் சந்தைக்குக் கொண்டுபோய் விட்டேன். கொல்லவில்லை. மீன் கடைகளுக்குப் பக்கமாகப் பார்த்துத்தான் விட்டேன்.

பிறகு அவன் வந்தான். ஆணா பெண்ணா என்று தெரியாத காலத்திலேயே அவளுக்கு அது ‘அவன்’தான்.

“ஏங்க, அந்த சென்ட்டைப் போடாதீங்க. அவனுக்குக் குமட்டுது.”

எத்தனை நேரமானாலும் எனக்காகச் சாப்பிடாமல் இருந்தவள், நான் வீட்டுக்கு வருவதற்குள் தட்டைக் கழுவிக் கவிழ்த்திருப்பாள். “அவனுக்குப் பசி தாங்கலைங்க” என்பாள். கடைக்கு வருவதும் நின்றுபோனது. கடையில் நடந்ததை நானே நடித்துக் காட்டினேன். எனக்கு அந்தக் கலை வராது. ஆனாலும் பாதியில் அவள் குனிந்து வயிற்றிடம், “அப்பா பண்ற கூத்தைப் பாரு” என்றாள். என்னிடம் சொல்லவில்லை. என்னைப் பற்றி இன்னொருவனிடம் சொன்னாள். வயிறு மேடிடக்கூட இல்லை, மச்சான். அதற்குள் இந்த வீட்டில் அவர்கள் இருவர், நான் வெளியாள்.

கோபம் வந்ததா என்று கேட்காதீர்கள். நான் கோபப்படுகிறவன் இல்லை. அவளைக் கைநீட்டி ஒரு நாள் அடித்ததில்லை.

ஹோட்டலில் முன்பக்க மேஜையில் வயதான அம்மா ஒருத்தர் இருந்தார். உங்கள் தங்கை வயிற்றில் ஒரு கையை வைத்தபடி சுவரிலிருந்த பழைய ரயில் படங்களைப் பார்த்துக்கொண்டு தள்ளி நின்றபோது, என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

“சார், தப்பா நினைக்காதீங்க. அவங்க மாசமா இருக்காங்களா?”

“ஆமா.”

“அப்ப அந்தத் தொட்டியில உட்கார விடாதீங்க. அந்தச் சூடு வயித்துல இருக்கிற பிள்ளைக்கு ஆகாது. ரூம்ல அட்டை மாட்டியிருக்கோம். இருந்தாலும் வாயால ஒரு வார்த்தை சொல்லிடணும் இல்லையா?”

“நல்லவேளை சொன்னீங்க. நான் பாத்துக்கறேன்.”

நான் முதலில் மேலே போய் அந்த அட்டையைக் கழற்றிப் பெட்டியில் என் சட்டைகளுக்கு அடியில் வைத்தேன். பிறகு தண்ணீரைத் திறந்துவிட்டுக் கீழே வந்து அவளைக் கைப்பிடித்து மேலே கூட்டிப்போனேன். படிகள் செங்குத்தாக இருந்தன. விழுந்துவிடக் கூடாதே.

தொட்டியில் ஒரு காலை வைத்ததுமே எடுத்துவிட்டாள். “ரொம்பச் சுடுதே. அவனுக்கு ஒண்ணும் ஆயிடாதே?”

“டாக்டரம்மாகிட்ட ஃபோன்ல கேட்டுட்டேன். முதுகுவலிக்கு இதைவிட நல்லது எதுவுமே இல்லைன்னாங்க.”

“நீங்களா கேட்டீங்க?”

“நான்தான் கேட்டேன்.”

அப்போது அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கல்யாணத்தன்றுகூட அப்படி ஒரு மலர்ச்சி இல்லை. ஈரக் கையால் என் கன்னத்தைத் தொட்டு, “உங்களுக்கு அவனைப் பிடிக்கலையோன்னு உள்ளுக்குள்ள பயந்துட்டே இருந்தேங்க” என்றாள். கண் நிறைந்துவிட்டது. அந்த ஒரு நிமிஷம் வரைக்கும் என் மனசு இப்படியும் அப்படியுமாகத்தான் இருந்தது. தண்ணீரை வடியவிட்டு, நீ வெளியே வந்துவிடு, எனக்குச் சரியாகப் படவில்லை என்று சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் அந்தச் சந்தோஷம் எனக்காக இல்லை. அவன்மேல் நான் காட்டிய அக்கறைக்காக. எனக்குக் கிடைத்த அந்தத் தொடுதலும் அவனுடைய மிச்சம்தான். அவள் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்த பிறகு, சூட்டைக் கூட்டினேன்.

வெகுநேரம் உட்கார்ந்தாள். எழுந்திருக்கிறேன் என்றபோதெல்லாம், “இன்னும் கொஞ்சம் இரு, வலி போகட்டும்” என்றேன். முகம் செக்கச்செவேலென்று ஆகி, தலை சுற்றுகிறது என்றாள். தூக்கி எடுத்துத் துவட்டிவிட்டேன், தண்ணீர் கொடுத்தேன், அவள் தூங்கும்வரை விசிறினேன். அங்கே இருந்த நாளெல்லாம் காலையும் மாலையும் அப்படித்தான். அவளைக் கவனித்துக்கொள்வதில் நான் ஒரு குறையும் வைத்ததில்லை.

ஊர் திரும்பிய அந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போனோம். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும்.

ஆரம்ப மாதங்களில் இப்படி ஆக ஆயிரம் காரணம் உண்டு என்று டாக்டரம்மா உங்களிடம் சொல்லியிருப்பார். அதைப் பிடித்துக்கொண்டு நான் தப்பித்திருக்கலாம். ஆனால் நீங்கள் எதனால் ஆனது என்று கேட்கவில்லை, ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டீர்கள். அவன் போக வேண்டும் என்றுதான். அந்த ஹோட்டல் அம்மா சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஊர் ஊராக விசாரித்து, அறைக்குள்ளேயே தொட்டி இருக்கிற இடமாகப் பார்த்து அழைத்துப் போனேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள்: “நான்தான் ஏதோ தப்புப் பண்ணிட்டேனா? என் உடம்புதான் சரியில்லையா?”

“நடந்தது நடந்துபோச்சு. நான் உன்னை ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன்” என்றேன். அதைக் கேட்டு என் தோளில் சாய்ந்துகொண்டாள். பழையபடி இருந்தது.

நிலைக்கவில்லை. இப்போதும் அவனோடுதான் பேசுகிறாள். இந்நேரம் குப்புற விழுந்திருப்பான், இந்நேரம் உட்கார்ந்திருப்பான் என்று தனக்குள் சொல்லிக்கொள்கிறாள். உயிரோடு இருந்திருந்தால் பள்ளிக்கூடம் போவான், வளர்ந்து தன் வழியைப் பார்த்துக்கொண்டு போவான். இவன் எங்கேயும் போக மாட்டான். அதை மட்டும் நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அவளிடம் சொல்லப்போகிறீர்களா? எனக்காகப் பயந்து கேட்கவில்லை. போலீஸுக்குப் போவதென்றால் போங்கள். ஆனால் அவள் தாங்க மாட்டாள். இன்றைக்கு நீங்கள் உள்ளே நுழைந்ததும் உங்கள் மடியில் தலையை வைத்து அப்படி அழுதாளே, அதைக் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் முன்னால் அவள் ஒரு நாளும் அப்படி அழுததில்லை. அண்ணன் முகத்தைப் பார்த்தால் ஆறுகிற புண்ணும் கிளறிவிடும். அதனால் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள் மச்சான், நீங்கள் இங்கே வருவதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் நல்லது. பாவம், அவளுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?