மச்சான் பிடித்த கயிறு

நேரம், உச்சிப்பொழுது. இடம், தூத்துக்குடியிலிருந்து வேம்பார் போகிற கடற்கரைச் சாலையில், உப்பளங்களுக்கு நடுவே பிரிகிற ஒரு மண்பாதை.

ராத்திரி இல்லையா என்று முகத்தைச் சுளிக்காதே, பத்மஸ்ரீ. உப்பளத்தில் வேலை செய்கிறவர்களிடம் போய்க் கேள், எந்த நேரத்துக்குப் பயப்படுவீர்கள் என்று. விடியுமுன் வந்து உப்பை வாரிப்போட்டுவிட்டு, வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் ஓடிவிடுவார்கள். அப்புறம் அங்கே ஒரு காக்கை கூட இருக்காது. கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை. நிழல் காலுக்கடியில் ஒடுங்கிவிடும்... எதிரே வருகிறவனுக்கு நிழல் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கவே முடியாது.

கரண்ட் வரட்டும் என்று காத்திருந்தால் விடிந்துவிடும். மெழுகுவர்த்தியை நடுவில் வையுங்கள். போர்வையை ஒருத்தியே இழுத்துக்கொள்ளாதீர்கள். இது எனக்கு நடந்ததில்லை. அதோ, சுவரோரமாக ஒன்றும் தெரியாதவள் மாதிரி உட்கார்ந்திருக்கிறாளே ஷெர்லி, அவளுடைய பெரியப்பா மகனுக்கு நடந்தது. அவன் பெயர் தஸ்நேவிஸ்.

அந்த மண்பாதையின் முடிவில் ஒரு பழைய உப்புக் கிட்டங்கி, அதாவது குடோன். வெள்ளையடித்து, ஏசி போட்டு, ஆராய்ச்சிக்கூடம் ஆக்கியிருந்தார்கள். முன்பக்கம் செடிகளின் மரபணுவை ஆராய்கிறவர்கள். பின்பக்கம் பிசிக்ஸ்காரர்கள். கடுங்குளிரில் உலோகங்கள் என்ன செய்கின்றன என்று பார்ப்பது அவர்கள் வேலை. இந்த இரண்டு கூட்டத்துக்கும் பொதுவாக இருந்தது ஒன்றுதான், திரவ நைட்ரஜன். ஒரு இலையை அதில் முக்கி எடுத்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும். அவ்வளவு குளிர்.

அந்த டேங்கை எங்கே வைத்தார்கள் தெரியுமா? கிட்டங்கிக்குள் முன்பு உப்பு மூட்டை அடுக்கிய ஒரு பள்ளம் இருந்தது. பதினைந்து படி இறங்க வேண்டும். வெயில் படாத இடம் என்று அங்கே வைத்துவிட்டார்கள். படித்தவர்கள்தான், என்ன செய்ய! நைட்ரஜன் கசிந்தால் பள்ளத்தில் தேங்கும். தேங்கினால் நல்ல காற்று வெளியே போய்விடும். வாசனை கிடையாது. மூச்சு முட்டாது. இரண்டு மூச்சு இழுத்தால் ஆள் அப்படியே சரிந்துவிடுவான். காப்பாற்ற இறங்குகிறவனும் பக்கத்தில் சரிவான்.

அதனால் ஒரு ஏற்பாடு. இறங்குகிறவன் இடுப்பில் கயிறு. மேலே ஒருவன் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கயிற்றை ஒரு தடவை சுண்டினால், நன்றாக இருக்கிறேன். இரண்டு தடவை சுண்டினால், தூக்கு. என்ன ஆனாலும் மேலே நிற்கிறவன் இறங்கக் கூடாது.

கேட்டால் கடலுக்குள் போகிற கதை மாதிரி இருக்கிறதா? அல்போன்சாவுக்கும் அப்படித்தான் இருந்தது.

அல்போன்சா, தஸ்நேவிஸின் தங்கை. அவள் புருஷன் ஜாய்தான் அந்தப் பள்ளத்தில் தினமும் இறங்குகிற ஆள். செடி ஆராய்ச்சிக்காரன். தஸ்நேவிஸ் அதே கட்டடத்தில் பிசிக்ஸ் பக்கம் டெக்னீஷியன். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்திலிருந்தே சேர்ந்து திரிந்தவர்கள். இரண்டு குடும்பத்திலும் முன்னோர்கள் முத்துக் குளித்தவர்கள். அந்தக் காலத்தில் ஒருவன் குளிக்க இறங்கினால், படகில் அவன் கயிற்றை மச்சான்தான் பிடிப்பான். சொந்தத் தம்பியிடம்கூடக் கொடுக்கமாட்டார்கள். தம்பி சொத்துக்காகக் கையை விட்டாலும் விடுவான். மச்சான் விடமாட்டான். விட்டால் தாலியறுப்பது கூடப்பிறந்தவள்.

கயிறு விஷயம் காதில் விழுந்ததும் அல்போன்சா அண்ணனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள். "அண்ணே, ஆபீஸ் ரூல் என்னமும் இருந்துட்டுப் போவட்டும். அவரு கயிறு ஒன் கையிலதான் இருக்கணும். வேற எவனும் தொடக்கூடாது."

அப்போது அவளுக்கு ஏழு மாசம். தஸ்நேவிஸ் மறுபேச்சுப் பேசவில்லை. அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிவைத்துவிட்டு, கயிற்றோடு நிற்பது அவன் வேலையானது.

ஏன் மத்தியானம் என்றால், ஜாயின் ஆராய்ச்சி அப்படி. உப்பள வரப்பில் மொழுமொழுவென்று சிவந்து கிடக்குமே உமரிச்செடி, அதைத்தான் அவன் ஆராய்ந்தான். அவ்வளவு உப்பில் அது எப்படிப் பிழைக்கிறது, அந்தக் குணத்தை நெல்லுக்குக் கொண்டுவர முடியுமா என்று. வெயில் உச்சியில் இருக்கும்போதுதான் செடி உயிரைப் பிடித்துக்கொண்டு போராடுமாம். இலையை அப்போதே பறித்து, ஐஸ் பெட்டியில் போட்டு, பைக்கில் விரட்டிவந்து நைட்ரஜனில் முக்க வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் இலைக்குள் இருப்பதெல்லாம் மாறிப்போகும்.

அன்றைக்கு மற்றவர்கள் எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள். கிட்டங்கிக்குள் ஏசி சத்தம் மட்டும். தஸ்நேவிஸ் பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பக்கத்தில் இரண்டு கால்கள் வந்து நின்றன. ஜாயின் ஷூ.

"கட்டு மச்சான்."

வேறு பேச்சில்லை. வழக்கமாக வெயிலைத் திட்டிக்கொண்டே வருகிறவன். தஸ்நேவிஸ் ஒரு கையால் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, நிமிராமலே வந்தவன் இடுப்பில் கயிற்றைச் சுற்றினான். முடிச்சுப் போட்டான். படியில் ஷூ சத்தம் இறங்கியது. கீழே வெள்ளைப் புகை தரையோடு படர்ந்திருந்தது. முழங்கால் மறைந்தது... இடுப்பு... தலை.

தஸ்நேவிஸ் கயிற்றை ஒரு தடவை சுண்டினான். கீழேயிருந்து ஒரு சுண்டல் வந்தது. நன்றாக இருக்கிறான்.

அப்போதுதான் வெளியே ஒரு பைக் வந்தது.

தடதடவென்று வந்து... நின்றது. உப்புச் சரளையில் காலடிச் சத்தம். நறக். நறக். நறக். வாசலை நெருங்கியது. கூடவே வியர்வை நாற்றமும், பச்சை உமரியைக் கசக்கினால் வருமே, அந்தக் கவிச்சியும்.

தஸ்நேவிஸ் திரும்பிப் பார்த்தான்.

வாசலில் ஜாய் நின்றான். கையில் ஐஸ் பெட்டி. சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

"ஏலே மச்சான்... யாரைலே இறக்கிருக்க?"

ஷெர்லி சொல்லுவாள், அந்த நேரத்தில் தஸ்நேவிஸுக்குக் கத்தக்கூட வரவில்லையாம். கையில் இருந்த கயிறு மட்டும் மறுபடி ஒரு தடவை சுண்டியது. மெதுவாக. நன்றாக இருக்கிறேன்.

வாசலில் நின்றவனும் கயிறு அசைவதைப் பார்த்துவிட்டான். முகம் வெளுத்துவிட்டது. ஒரு அடி பின்னால் வைத்தான். வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை. பயந்து வரவில்லையா, வர முடியாமல் வரவில்லையா... அது தஸ்நேவிஸுக்கு இன்றுவரை தெரியாது.

அந்த நேரம் பார்த்துச் சுவரில் இருந்த ஆக்சிஜன் அலாரம் அலற ஆரம்பித்தது. பீப்... பீப்... பீப்... பள்ளத்துக்குள் நல்ல காற்று தீர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

கயிறு இரண்டு தடவை சுண்டியது.

தூக்கு.

"தூக்காத!" வாசலில் நின்றவன் கத்தினான். "மச்சான், ஒன் கால்ல விழுதேன். அது நானில்ல. கயித்த விட்டுரு. அல்போன்சாவ நெனச்சுப் பாருலே!"

தஸ்நேவிஸ் அல்போன்சாவைத்தான் நினைத்தான். அதுதான் கொடுமை. கீழே இருப்பது ஜாய் என்றால், கயிற்றை விட்ட அடுத்த நிமிஷம் தங்கை விதவை. கீழே இருப்பது வேறு ஏதோ என்றால், தூக்கியதும்... அப்புறம் என்ன? யாருக்குத் தெரியும்? அவன் முகத்தைப் பார்த்துக் கட்டவில்லையே. ஷூவைப் பார்த்தான், குரலைக் கேட்டான், கட்டினான். ஒரு போனைப் பார்த்துத் தொலைத்த நேரத்தில் இப்படி ஆகிவிட்டது.

அவனுக்கு ஒரு யோசனை வந்தது. பிள்ளை ஆணாகப் பிறந்தால் என்ன பெயர் வைப்பது என்று ஜாய் அவனிடம் மட்டும் சொல்லியிருந்தான். அல்போன்சாவுக்கே தெரியாது.

"ஆம்பளப்பிள்ள பொறந்தா என்ன பேருலே?" என்று தொண்டை கிழியக் கத்தினான்.

"மிக்கேல்!"

வாசலிலிருந்து வந்தது. அதே நொடியில் புகைக்குள்ளிருந்தும் வந்தது. ஒரே குரல். கீழேயிருந்து வந்த குரலில் மூச்சு இரைத்தது.

பீப்... பீப்... கயிறு இரண்டு தடவை. மறுபடி இரண்டு தடவை. பலம் குறைந்துகொண்டே வந்தது. குழந்தை விரலைப் பிடித்து இழுப்பது மாதிரி ஒரு இழுப்பு. அப்புறம் அசைவில்லை.

மாதாவே என்று ஒரு அலறல் அலறி, தஸ்நேவிஸ் இழுத்தான்.

யோசித்து இழுக்கவில்லை. கயிறு பிடித்தவன் விடக்கூடாது, அவ்வளவுதான் அவன் ரத்தத்துக்குத் தெரியும். உள்ளங்கை கிழிந்தது. படியில் மோதி மோதி ஒரு உடம்பு மேலே வந்தது. வாசலிலிருந்து வந்த அழுகை அவன் ஒவ்வொரு முழம் இழுக்கும்போதும் தேய்ந்துகொண்டே போனது. தூரத்துக்குப் போகிற மாதிரி.

மேலே வந்தது ஜாய்தான். அதே முகம், அதே காதோரத் தழும்பு. உதடு கறுத்திருந்தது. புருவத்தில் வெள்ளையாகப் பனி. நெஞ்சை அழுத்தினான், வாயில் வாய் வைத்து ஊதினான். ஊதிய காற்று திரும்பி வந்து முகத்தில் பட்டது... குளிர்ந்து. கண் திறந்தது.

"விட்டுருவியோன்னு நெனச்சேன், மச்சான்."

தஸ்நேவிஸ் வாசலைப் பார்த்தான். யாரும் இல்லை. ஐஸ் பெட்டி கீழே கிடந்தது. மூடி திறந்து, பறித்த உமரி சிதறிக் கிடந்தது. ஐஸ் கரையவே இல்லை. வெளியே ஜாயின் பைக் நின்றது. தெரியாமல் சைலன்சரில் காலை வைத்துவிட்டான். சுட்டுவிட்டது, இப்போதுதான் ஓட்டிவந்த மாதிரி.

ஏன், எப்படி என்று என்னிடம் கேட்காதீர்கள். தெரிந்தால் நான் ஏன் இப்படி நடுங்கிக்கொண்டு சொல்கிறேன்?

ஆஸ்பத்திரியில் நான்கு நாள் வைத்திருந்து, ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அல்போன்சா அண்ணனின் கிழிந்த கைகளை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "என் தாலியக் காப்பாத்திட்டியே அண்ணே" என்று அழுதாள். வாசலில் நின்றவனைப் பற்றி அவன் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. கயிறு பிடித்தவன் மச்சானைக் காப்பாற்றிவிட்டான் என்று ஊரே சொன்னது. அவனும் நம்பப் பார்த்தான். ராத்திரி நம்பிக்கை வரும். மத்தியானம் ஆனால் போய்விடும். பாவம், அந்தப் பாவி பட்ட பாட்டை நினைத்தால் எனக்கு அழுகைதான் வருகிறது.

ஜாய் வேலையை விட்டுவிட்டான். வீட்டிலேயே இருந்தான். வெயில் ஆகவில்லை என்றான். சாப்பாட்டில் உப்புப் போடாதே என்றான். டாக்டர் சொல்லியிருப்பார் என்று அல்போன்சா நினைத்துக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம், தஸ்நேவிஸுக்குப் போன் வந்தது. தங்கை. குரல் கிசுகிசுவென்று இருந்தது.

"அண்ணே... வாசல்ல ஒரு ஆளு நிக்காரு. நாலஞ்சு நாளா இந்நேரத்துக்கு வாராரு. கதவத் தட்டல. சும்மா நிக்காரு."

"யாரு?"

"சட்டையெல்லாம் உப்புப் பூத்துக் கெடக்கு அண்ணே. உதடு வெடிச்சிருக்கு. ரொம்ப தூரம் நடந்து வந்தவரு கணக்கா இருக்காரு." அவளுக்கு மூச்சு வாங்கியது. "ஜன்னல் வழியாத்தான் பாத்தேன். 'அல்போன்சா, ஒங்க அண்ணன்கிட்ட கேளு'ங்காரு. வேற ஒண்ணும் சொல்லல. அழுதாரு. கொரலு எங்க வீட்டுக்காரரு கொரலு கணக்காவே இருக்கு."

தஸ்நேவிஸ் குரலைத் தாழ்த்தினான்.

"ஏளா, மாப்ள எங்க?"

"உள்ளதான் படுத்திருக்காரு... இல்ல, எந்திரிச்சிட்டாரு." அப்புறம் இன்னும் மெதுவாக, "அண்ணே, அன்னைக்கு நீ யாரைத் தூக்குன?"

போனுக்குள் கதவுத் தாழ்ப்பாள் கிறீச்சிடுகிற சத்தம் கேட்டது. வாசல் கதவா, உள் அறைக் கதவா... தெரியவில்லை. "அல்போன்சா! ஏளா!" என்று கத்தினான். போன் கை மாறியது.

"சொல்லு மச்சான்," என்றது ஜாயின் குரல். "அவ கேக்குதால்லா."

இரண்டு பேரில் எந்த ஜாய் என்று தஸ்நேவிஸுக்குத் தெரியவில்லை.