சயின்ஸுக்குப் பூ கேட்டது

தனபால்: ...அவ்வளவுதான், முடிஞ்சுது. சாமியே சொல்லிப்போடுச்சு. இனிமே இந்தப் பேச்ச ஊட்ல யாரும் எடுக்கப்படாது.

கனகா: நான் எங்கீங்க எடுக்கறன்? எனக்கும் சந்தோசந்தானுங்க.

தனபால்: என்னது?

கனகா: சந்தோசம்னு சொன்னனுங்க. ஏன், நான் சந்தோசப்படக் கூடாதா?

தனபால்: இல்ல புள்ள... பத்தாவது ரிசல்ட்டு வந்ததுலருந்து மூஞ்சிய உம்முன்னு வெச்சிருந்தியே, அதுக்குக் கேட்டன். சுதா, கேட்டியா கண்ணு? உங்கம்மா சந்தோசங்கறா.

சுதா: கேட்டனுங்கப்பா.

தனபால்: நீ ஏன் இப்படி நிக்கற? சேர்வராயன் கோயில் வரைக்கும் வந்து, பூ கேட்டு, நல்ல வாக்கு வாங்கியிருக்கறோம். சித்த சிரியேன்.

சுதா: சிரிச்சுட்டுத்தானுங்க இருக்கறன்.

கனகா: குளிருதாட்டருக்குது அவளுக்கு. இந்தா, இந்தத் துண்டப் போத்திக்க. உங்கண்ணன் ஜீப்பு எப்ப வருமோ.

தனபால்: வசந்த் டூரிஸ்ட்டுகள ஏரிகிட்ட எறக்கி உட்டுப்போட்டு வர்றன்னான். மெதுவா வரட்டும். இந்தக் கல்லு மேல உக்காருங்க. பொரி இருக்குதா பையில?

கனகா: இருக்குதுங்க. கைய நீட்டுங்க. சிந்தாதீங்க.

தனபால்: ஏங்கனகா... பூசாரி பொட்டலத்தப் பிரிச்சு வெள்ளப்பூவக் காட்டுனாரு பாரு, எனக்கு ஒடம்பே சிலுத்துப் போச்சு.

கனகா: எனக்குந்தானுங்க. நெஞ்சுல இருந்த பாரமெல்லாம் எறங்கிப் போச்சு.

தனபால்: வெள்ள ஒண்ணு, செவப்பு ஒண்ணுன்னு ரெண்டு பொட்டலம் கெடந்துது. பூசாரி கை நேரா அதுக்குத்தான போச்சு? அதுதான் சாமி.

சுதா: அப்பா, பொரி சாப்புடுங்க.

தனபால்: சாப்புடறன், சாப்புடறன். நாளைக்கே கிறிஸ்துதாஸ் சார்கிட்டச் சொல்லிப்போடோணும். சயின்ஸுல இவதான் முதல்னு என்னையப் பாக்கறப்பெல்லாம் நிறுத்தி வெச்சுச் சொல்லுவாரு, பாவம்.

கனகா: சொல்லிப்போடுங்க. சித்த வருத்தப்படுவாரு. அதுக்கு என்ன பண்றது.

தனபால்: அவரு எதுக்கு வருத்தப்படறாரு? துள்ளிக் குதிப்பாரு. அடுத்த வருசம் பாரு, நம்ம புள்ள வெள்ளக் கோட்டு மாட்டிக்கிட்டு லேப்புல நிப்பா. தவளய மல்லாக்கப் போட்டு அறுத்து...

கனகா: காமர்ஸுக்கு எதுக்குங்க தவளய அறுக்கறாங்க?

தனபால்: க்ஹும்... க்ஹும்...

கனகா: ஏனுங்க, பொரி தொண்டயில சிக்கிருச்சா? சுதா, அப்பாவுக்குத் தண்ணியக் குடு.

தனபால்: தண்ணி கெடக்குது. யாரு காமர்ஸு?

கனகா: நம்ம சுதாதானுங்க. வெள்ளப்பூ வந்துருச்சே.

தனபால்: வெள்ளப்பூ வந்தா சயின்ஸு.

கனகா: வெள்ளப்பூ வந்தா வேண்டாம்னுல்லங்க அர்த்தம்.

தனபால்: இவ என்ன பேசறா... சயின்ஸு எடுக்கலாமான்னுதான கேட்டோம்?

கனகா: அதேதானுங்க நானும் கேட்டன். சாமி வெள்ளையக் காட்டி வேண்டாம்னு சொல்லிருச்சு. எங்க குப்பனூர்ல செவப்பு வந்தாத்தான் சரின்னு அர்த்தம். வெள்ள வந்துதுன்னா அந்தக் காரியத்த அதோட உட்டுருவாங்க.

தனபால்: கல்யாணமாகி இத்தன வருசத்துல இத நீ சொன்னதே இல்லையே.

கனகா: நீங்க கேட்டதே இல்லையே.

தனபால்: நீ பாட்டுக்குச் சொல்லாத. இது மலச் சாமி. எங்கப்பாரு காலத்துலருந்து இந்த எஸ்டேட்டுல வெள்ளன்னா சரி, செவப்புன்னா வேண்டாம். சேர்வராயனுக்கு உங்கூரு வழக்கம் எப்படித் தெரியும்?

கனகா: தெரியாமயா? வருசா வருசம் திருவிழாவுக்கு எங்கூரே தெரண்டு ஏறி வருது. அவங்க கேக்கற பூவுக்கெல்லாம் சாமி உங்க எஸ்டேட்டு வழக்கத்துலயா பதில் சொல்லுது?

தனபால்: அது... அவங்கவங்க எப்படி நெனச்சுக்கறாங்களோ, அப்படிச் சொல்லும்.

கனகா: அப்ப நான் நெனச்சதுக்கும் சொல்லியிருக்குதில்ல?

தனபால்: அப்ப நான் நெனச்சது?

கனகா: அத நீங்க சாமிகிட்டத்தான் கேக்கோணும்.

சுதா: அம்மா... போதும்மா. அங்க ரெண்டு பேரு திரும்பிப் பாக்கறாங்க.

கனகா: பாத்துட்டுப் போறாங்க. உன்னப் பத்தின பேச்சுத்தான் இது, நீ என்னமோ அடுத்த ஊட்டுக்காரியாட்ட உக்காந்துட்டு இருக்கற. சொல்லு. உனக்கு என்ன வேணும்?

சுதா: உன் இஷ்டம்மா.

கனகா: உங்கப்பா கேட்டா?

சுதா: அப்பா இஷ்டம்.

தனபால்: பாத்தியா, புள்ளைக்கு ரெண்டு பேரு மேலயும் எவ்வளவு மரியாத.

கனகா: மரியாதயா? இதே வார்த்தயத்தான் வசந்தும் சொன்னான். அப்பா இஷ்டம்னு போயி சயின்ஸுல உக்காந்தான். பிசிக்ஸு புஸ்தகத்த எடுத்தா வகுத்த வலிக்குதும்பான். நானும் சீரகத் தண்ணி வெச்சு வெச்சுக் குடுத்தன். கடசியில பாதியிலயே வந்து ஜீப்புல ஏறிட்டான்.

தனபால்: ஏறுனான், இப்ப நல்லாத்தான இருக்கறான்? வளைவுல அவனாட்ட வண்டி திருப்பறதுக்கு இந்த மலையில ஆளுண்டா?

கனகா: இல்லீங்க. நான் எம்புள்ளயக் கொற சொல்லல. ஜீப்புல உக்காந்தான்னா அவன் ராசா. அந்த ஒரு வருசம் அவன் பட்டதச் சொல்றன். சோறு எறங்காம உக்காந்திருந்தான். இவ அங்க போயி அப்படி உக்காந்தா, பக்கத்துல யாரு இருக்கறாங்க? சேலத்துல, ஆஸ்டல்ல?

தனபால்: சயின்ஸுக்குச் சேலந்தான் போகோணும், அது தெரிஞ்சதுதான. நம்ம பக்கத்துப் பள்ளிக்கூடத்துல காமர்ஸு மட்டுந்தான் இருக்குது.

கனகா: அந்தக் காமர்ஸுக்கு என்ன கொற? காலையில போனா சாயங்காலம் ஊட்ல. எங்கூடவே இருப்பா. இவளும் போயிட்டா நான் யாருகிட்டங்க பேசறது? உங்ககிட்டயா? நீங்க மொளகுக் கொடியில ஏறி எறங்கி வந்து, சோத்துல கைய வெக்கறப்பவே தூங்கறீங்க.

தனபால்: தூங்கறதா? கண்ண மூடிட்டு ருசி பாக்கறன் புள்ள.

கனகா: கொறட்ட உட்டுட்டு ருசி பாக்கறவரு நீங்க ஒருத்தருதான்.

சுதா: ஹி... ஹி...

கனகா: பாருங்க, இதுக்குச் சிரிக்கறா. சொந்த விசயத்துக்கு வாயில பசை. இவளுக்கு எதுக்குங்க சயின்ஸு? கோழி அறுத்தா காத மூடிட்டு ஊட்டுக்குப் பின்னால பொடக்காணிக்கு ஓடறவ.

தனபால்: கோழி வேற, தவள வேற.

கனகா: ரெண்டுக்கும் உசுரு ஒண்ணுதானுங்க. சரி, ஒண்ணு பண்ணலாம். நீங்க ஒரு வழக்கத்துல கேட்டீங்க, நான் ஒரு வழக்கத்துல கேட்டன். சாமிக்கே கொழப்பம். மறுக்காப் போயி கேட்டுப்போடலாம்.

தனபால்: மறுக்காவா? சாமி கோவிச்சுக்காதா?

கனகா: தெரியாம நடந்ததுக்கு எதுக்குக் கோவிச்சுக்குது? இந்தத் தடவ ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லிக் கேக்கலாம். உங்க எஸ்டேட்டு வழக்கமே இருக்கட்டும், போங்க. வெள்ளன்னா சயின்ஸு, செவப்புன்னா காமர்ஸு.

தனபால்: அட... அதுக்கு நீ ஒத்துக்கறியா?

கனகா: ஒத்துக்கறன். செவப்பு வந்தா நீங்களும் ஒத்துக்கோணும். மறுபேச்சு இருக்கக் கூடாது.

தனபால்: எனக்கென்ன, சேர்வராயன் எம்பக்கம். எந்திரி சுதா, போலாம்.

சுதா: வேண்டாமுங்கப்பா.

தனபால்: ஏங்கண்ணு?

சுதா: கோயில் சாத்தியிருப்பாங்க.

கனகா: பொழுது இன்னும் உச்சியில நிக்குது, அதுக்குள்ள யாரு சாத்தறா? கூட்டமும் கொறஞ்சு போச்சு. பூ அங்கயே விக்கறாங்க. இந்தத் தடவ பொட்டலத்த நான் கட்டறன்.

சுதா: நீ எதுக்குக் கட்டற?

கனகா: ஏன், கட்டுனா என்ன? காலையில ஊட்ல நீதான கட்டுன. ஒரு தடவ நீ, ஒரு தடவ நான்.

சுதா: வேண்டாம்மா. அண்ணன் வந்து தேடுவான்.

கனகா: தேடட்டும். நீ எதுக்குடி இப்படி வேர்க்கற? இந்தக் குளுருல?

சுதா: வேர்க்கல.

தனபால்: ஏஞ்சாமி, ஒடம்புக்கு என்ன பண்ணுது?

சுதா: ஒண்ணும் பண்ணலீங்கப்பா... மறுக்கா கேட்டா... மறுக்கா கேட்டா செவப்பு வந்துரும்.

தனபால்: வராது. நம்பிக்கையா இரு.

சுதா: வந்துருமுங்க. ஒண்ணுல செவப்பு இருந்துதுன்னா வரத்தான செய்யும்.

தனபால்: அதுதான காலையிலயும் ஒண்ணுல இருந்துது?

சுதா: இல்லீங்க.

தனபால்: என்ன இல்லீங்க?

சுதா: ரெண்டுலயும் வெள்ளதானுங்க வெச்சன்.

தனபால்: என்னது? ரெண்டுலயுமா?

சுதா: கோவிச்சுக்காதீங்கப்பா. வாங்குன செவ்வரளிப் பூவ ஊட்லயே போட்டுப்போட்டன்.

தனபால்: சாமிகிட்டயா புள்ள... சாமிகிட்டயேவா?

சுதா: சாமிகிட்ட முன்னாடியே சொல்லிட்டுத்தானுங்க வெச்சன். எனக்கு இது வேணும், கோவிச்சுக்காதன்னு.

கனகா: என்ன வேணும்?

சுதா: சயின்ஸு.

கனகா: சத்தமாச் சொல்லு. காத்துல கேக்கல.

சுதா: சயின்ஸு வேணும்மா. அப்பா சொல்றாருன்னு இல்ல. கிறிஸ்துதாஸ் சார் சொல்றாருன்னும் இல்ல. போன வருசம் நம்ம பாத்தியில காப்பிச் செடி வரிசையா காஞ்சுதே... மேல நல்லா பச்சையா நிக்கும், திடீர்னு வாடிரும். அந்தத் தண்டப் பொளந்து பாத்தப்ப உள்ளுக்குள்ள புழு இருந்துது.

தனபால்: ஆமா, தண்டுப் புழு. அதுக்குத்தான் செடிய வேரோட புடுங்கித் தீ வெக்கறோம்.

சுதா: தீ வெச்சா ஒண்ணு போவும், பக்கத்துச் செடியில ஏற்கெனவே முட்ட இருக்குதே. அந்தப் புழு வண்டாகறத நான் பாத்தனுங்க. அதப் பத்திப் படிக்கோணும். அதுக்குப் பயாலஜி வேணும். நெனச்சா தூக்கம் வர மாட்டேங்குது.

கனகா: எங்க வெச்சுப் பாத்த? வண்டாகறத?

சுதா: ...பருப்பு டப்பாவுல.

கனகா: எந்தப் பருப்பு டப்பா?

சுதா: மூடி ஒடஞ்சது. நம்ம தொவரம்பருப்பு டப்பா இல்லம்மா. சத்தியமா.

தனபால்: அன்னைக்கு அடுப்பங்கரையில நீ கத்துனியே கனகா, வண்டு பறக்குதுன்னு...

கனகா: அது தலையில வந்து உக்காந்துதுங்க.

சுதா: அது நான் வளத்ததுதான்.

தனபால்: அட என்ற தங்கமே.

கனகா: நீங்க கொஞ்சாதீங்க. ஏன்டி, இத்தன ஆச இருக்கறவ வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமில்ல?

சுதா: எப்படிம்மா சொல்றது? நீ ராத்திரி சோறு போடறப்ப, நீயும் போயிட்டா இந்த ஊடு வெறிச்சுன்னு போயிரும்னு சொன்ன. சொல்லிப்போட்டு எனக்கு மட்டும் முட்ட வெச்ச. அந்த முட்டயத் தின்னுட்டு நான் சேலம் போறன்னு எப்படிச் சொல்லுவன்?

தனபால்: கனகா, நீ ஏன் அழுவற? இந்தா, புள்ள ஏதோ தெரியாம பண்ணிருச்சு.

கனகா: அழுவலீங்க. காத்து. வெறிச்சுன்னு போறது நெசந்தான். நான் அழுவறதும் நெசந்தான்னு வெச்சுக்குங்க. அதுக்காவ இவ போகாம இருந்தா, அந்த ஊட்ல நான் எப்படி நிம்மதியா இருக்கறது?

சுதா: அப்ப... போகட்டுமாம்மா?

கனகா: போ. நல்லாப் போ. உங்கண்ணன் ஜீப்புலயே பொட்டியக் கட்டிட்டுப் போ. ஞாயித்துக்கெழமயானா வந்து என்னையப் பாக்கோணும். டப்பாவுல எதையும் புடிச்சுட்டு வரப்படாது.

தனபால்: இரு, இரு. செவப்புத்தான் சரின்னு இப்பத்தான வம்புக்கு நின்ன? குப்பனூரு வழக்கம் என்னாவறது?

கனகா: அப்படி ஒரு வழக்கமும் இல்லீங்க. எங்கூர்லயும் வெள்ளன்னா சரிதான்.

தனபால்: பின்ன எதுக்கு அந்தச் சண்ட?

கனகா: இவ வாயிலருந்து வரோணும்னுதான். இது உங்க ஆசயா, இவ ஆசயான்னு எனக்குத் தெரியோணுமில்ல? வசந்துக்கு நான் இதக் கேக்காம உட்டுட்டன். இவ ரெண்டுலயும் வெள்ள வெச்சது மலையேறறப்பவே தெரியும். பை என்ற மடியிலதான இருந்துது. ரெண்டு பொட்டலமும் மல்லிப்பூ வாசம் அடிச்சுது. செவ்வரளிக்கு ஏதுங்க வாசம்?

சுதா: தெரிஞ்சுக்கிட்டேவா கும்புட்டுட்டு நின்ன?

கனகா: நீ கண்ண மூடிட்டு நின்னயே, நான் உன்னையத்தான் பாத்துட்டு நின்னன்.

தனபால்: அது சரி புள்ள... எவளாவது பொட்டலத்த மோந்து பாப்பாளா? பெத்த புள்ள சாமிகிட்டயே இப்படிப் பண்ணுவான்னு எனக்குக் கனவுலயும் தோணாது. உனக்கு மட்டும் எப்படித் தோணுச்சு?

கனகா: தனபாலுக்குப் பொண்ணக் குடுக்கலாமா வேண்டாமான்னு எங்கப்பாரு இதே கோயிலுக்குப் பூ கேக்க வந்தாரில்லீங்க... அன்னைக்குப் பொட்டலம் கட்டுனது யாருன்னு நெனைக்கறீங்க?