கல் கட்டின புடலங்காய்

— டமார் எண்டு கேட்டுதா, மிஸ் கொன்ஸ்ரன்ஸ்? குண்டு! குண்டு! மேசைக்குக் கீழ போங்கோ! காதைப் பொத்துங்கோ!

— காதைப் பொத்தினா நீங்க சொல்றதை எப்படிக் கேக்கிறது, மிஸ்டர் ஹெக்டர்? முதல்ல அந்த விசிலை வாயில இருந்து எடுங்கோ. தெருச்சனம் எல்லாம் விழுந்தடிச்சு ஓடுது.

— ஓடத்தானே ஊதினனான்! சட்டப்படி நான் இந்தத் தெருவுக்கு வார்டன். குண்டு விழுந்தா விசில் ஊதோணும்.

— முகத்தைக் கழுவிப்போட்டு ஊதியிருக்கலாம். ஒரு கன்னம் சவரம், மற்றக் கன்னம் சவுக்கார நுரை. ஜப்பான்காரன் கண்டா அவன்தான் பயந்து ஓடுவான்.

— பகிடிக்கு இதுவா நேரம்? பதுங்குகுழிக்குள்ள இருந்து சவரம் செய்துகொண்டிருந்தனான். நேர தலைக்கு மேல தகரத்தில இடிச்சுது!

— சவரம் செய்யப் பதுங்குகுழிக்குள்ள ஏன் போனனீங்க?

— கண்ணாடி அங்கதான் மாட்டியிருக்கு. வெளியில மாட்டினா வெயில் பட்டு மின்னும், மேல போற பிளேனுக்குத் தெரியும். சட்டப்படி...

— சட்டம் இருக்கட்டும். நான் வேலிக்கு மேலால எட்டிப் பாக்கிறன். உங்கட தகரத்துக்கு மேல ஒரு கல்லு கிடக்குது. என்ட புடலங்காய்ட நுனியில நீங்க கட்டித் தொங்கவிட்ட அதே கருங்கல்லு.

— கல்லா?

— கல்லுத்தான்.

— அப்ப நான் விசில் ஊதினது...

— புடலங்காய்க்கு.

— என்ட அந்தோனியாரே! மேலிடத்துக்குத் தெரிஞ்சா வார்டன் தொப்பியைப் பறிச்சுப்போடுவாங்கள். ஆனா கல்லு எப்படி விழுந்தது? நூல் நீங்க தந்த நூல். கோட்டுப் பொத்தான் தைக்கிற மெழுகு நூல். நான் மூண்டு சுத்துச் சுத்தி முடிச்சுப் போட்டனான். அதில மாட்டையே கட்டலாம்!

— ஆடிக் காத்துக்கு அறுந்திருக்கும்.

— ஆடிக் காத்து இந்த மூலைக்கு வராது. பின்னால பண்டகசாலை மதில் மறைக்குது. அதாலதானே பந்தலை இந்த மூலையில போடச் சொன்னனான். நான் சொல்றன் கேளுங்கோ...

— நாலு மாசமா நீங்க சொன்னதெல்லாம் கேட்டனான். மீன் கழுவின தண்ணியை அடியில ஊத்துங்கோ எண்டீங்க, ஊத்தினன். இப்ப கொட்டாஞ்சேனைப் பூனை முழுக்க என்ட வளவிலதான் குடியிருக்குது.

— கொடி வளந்ததா இல்லையா?

— வளந்தது. வேர் என்ட வளவில, காய் உங்கட வளவில.

— காய் உங்கடதுதான் மிஸ். கல்லுத்தான் என்ட.

— இனிக் கல்லும் வேண்டாம். தம்பி பீற்றர் மாட்டுக் கரத்தையோட வாசலில நிக்கிறான். பெட்டி ஏத்தியாச்சு, தையல் மெஷின் ஏத்தியாச்சு. காயை வெட்டினவுடனே நான் நுகேகொடைக்குப் போறன்.

— இண்டைக்கேவா?

— இண்டைக்கேதான்.

— அப்ப... ஒரு நிமிசம் பொறுங்கோ. எனக்கு ஒரு கடமை இருக்கு.

— ஐயோ, ஏன் திரும்பவும் விசில்? காது கிழியுது!

— அது... ஆபத்து நீங்கிட்டுது எண்டு சொல்ல. சனம் குழிக்குள்ள கிடந்து வேகக் கூடாதே.

— நல்ல கடமை.

— மிஸ் கொன்ஸ்ரன்ஸ், நான் சொல்றன் கேளுங்கோ. நுகேகொடை மண் வேற. மழை பெய்தாத் தண்ணி நிக்கும். மேடை போட்டுத்தான் விதைக்கோணும். ஐப்பசி மழை இறங்கிறதுக்கு முன்னம் மிளகாய் நாத்து வேர் பிடிச்சிருக்கோணும். வெண்டிக்காய்க்கு விதையை இரவே ஊறவையுங்கோ.

— போறவளுக்குத் தோட்டப் பாடமா?

— இலை தின்னிற வண்டுக்குச் சாம்பல். காலமைப் பனி காயிறதுக்கு முன்னம் தூவோணும். வெயில் ஏறினா ஒட்டாது. இதையெல்லாம் அங்க ஆர் உங்களுக்கு ஞாபகப்படுத்துவினம்?

— தம்பி பெண்சாதி இருக்கிறா.

— அவ மரக்கறியைச் சந்தையில வாங்கிறவ!

— நீங்களும் கேட்டு வைச்சிருங்கோ, மிஸ்டர் வார்டன். கொடிக்குப் பின்னேரம் தண்ணி ஊத்துங்கோ, உச்சி வெயிலில ஊத்தி வேரை அவிச்சுப்போடாதீங்கோ. வெள்ளைச் சட்டையில பொத்தான் விழுந்தா வெள்ளை நூலால தையுங்கோ. போன கிழமை மாதிரிக் கறுப்பு நூலால தைச்சுக்கொண்டு பூசைக்குப் போகாதீங்கோ.

— அதைக் கண்டனீங்களா?

— கோயில் முழுக்கக் கண்டது.

— அக்கா! அக்கா! உசிரோட இருக்கிறீங்களா?

— இருக்கிறன் பீற்றர். நீ ஏன் முழங்கால் வரைக்கும் சேறோட வாறாய்?

— தெருவோரக் கானுக்குள்ள குதிச்சனான். சரியாப் போச்சு, எனக்கு முதலே அங்க ஆறு பேர் இருக்கினம். கூப்பன் கடைக் கியூ காத்தாப் பறந்திட்டுது. கடைசியா நிண்ட மூலை வீட்டு லுத்பியா மட்டும் அசையேல்ல. நேர முதல் ஆளாப் போய்ச் சீனியை வாங்கிக்கொண்டு, "தினமும் இப்படி ஒரு குண்டு விழுந்தா நல்லம்" எண்டு சொல்லிப்போட்டுப் போறா. எங்க விழுந்தது?

— குண்டு இல்ல தம்பி. புடலங்காயில கட்டின கல்லு, மிஸ்டர் ஹெக்டர்ட தகரத்தில விழுந்தது.

— கல்லா! ஒரு கல்லுக்கா அந்தக் கரத்தைக்காரன் மாட்டை அவிட்டுக்கொண்டு ஓடினான்?

— ஓடிட்டானா? எங்க?

— கொலன்னாவைக்கு. அங்க மாமன் வீடு இருக்காம்.

— எண்ணெய்த் தாங்கியளுக்குப் பக்கத்திலயா ஒளிக்கப்போறான்?

— நானும் அதைத்தான் கத்தினனான். "மல்லி, ஜப்பான்காரன் வந்தா முதல்ல அங்கதான் போடுவான்" எண்டு. மாடு நிண்டு கேட்டுது, அவன் கேக்கேல்ல. இப்ப கரத்தை மட்டும் தெருவில மூக்கைக் குத்திக்கொண்டு நிக்குது.

— அப்ப இண்டைக்குப் பயணம் இல்ல எண்டுறீங்களா, மிஸ்டர் பீற்றர்?

— நீங்க ஏன் சிரிக்கிறீங்க, மிஸ்டர் ஹெக்டர்?

— சிரிக்கேல்ல. சவுக்காரம் காஞ்சு முகம் இழுக்குது.

— பயணம் இருக்குது. வேற கரத்தை பிடிச்சுக்கொண்டு வருவன். கமோன் அக்கா, காயை வெட்டுங்கோ. ஈஸ்டரண்டு துறைமுகத்தில குண்டு விழுந்தவுடனே வாங்கோ எண்டனான். விதை போட்டிருக்கிறன் எண்டீங்க. பிறகு வந்தன், கொடி பந்தலில ஏறுது எண்டீங்க. பிறகு வந்தன், பூத்திருக்கு எண்டீங்க. காய் வெட்டினவுடனே வாறன் எண்டு மாதா மேல சத்தியம் பண்ணினீங்க. இப்ப அந்தக் காய் என்னைவிட உயரம்!

— அளந்து பாக்காமச் சொல்லாத.

— இதென்ன கோலம்? காய்க்குச் சட்டையா?

— பழ ஈ குத்தாம இருக்கத் துணி சுத்தச் சொல்லி மிஸ்டர் ஹெக்டர்தான் சொன்னவர். சும்மா சுத்தினா வடிவில்ல எண்டு தைச்சுப் போட்டனான்.

— பூப்போட்ட சீத்தைத் துணி! என்ட மகள் டோரினுக்கு ஒரு கவுண் தையுங்கோ எண்டு கேட்டா, துணி கிடைக்கிறதில்ல எண்டீங்க. புடலங்காய்க்குக் கழுத்தில லேஸ்!

— காய் நீள நீள மிஸ் கொன்ஸ்ரன்ஸ் ஒட்டுப்போட்டு இறக்கினவ, தம்பி. மூண்டு தரம். கை வேலையெண்டா அது கை வேலை.

— உங்களை நான் கேக்கேல்ல, வார்டன். கொஞ்சம் பொறுங்கோ... இந்தக் காயில நகம் இறங்குதில்லையே.

— அதைக் கீறாதீங்கோ!

— என்ட பெண்சாதி சந்தையில புடலங்காய் வாங்கேக்க நகத்தால ஒருக்காக் கீறிப் பாப்பா. நகம் இறங்கினாத்தான் வாங்குவா. இதில என்ட நகம் உடைஞ்சு போச்சு! இது முத்தி எவ்வளவு காலம்? இதைக் கறி வைச்சா நாலு விறகு எரிச்சாலும் அவியாது.

— அது... விதைக்கு விட்டது.

— ஆர் விட்டது?

— பயிர் முறைப்படி நல்ல காய் ஒண்டை விதைக்கு விடோணும், தம்பி. பழுத்துச் சிவந்தாப் பிறகுதான் விதை எடுக்கலாம். சட்டப்படி...

— அக்கா, இவர் இன்னும் பிஞ்சு, இன்னும் பிஞ்சு எண்டு உங்களை ஏமாத்தியிருக்கிறார்! கத்தரிக்கோலைத் தாங்கோ, இப்பவே வெட்டுறன்.

— கத்தரிக்கோலைக் காலமை தொடக்கம் காணேல்லையடா. பெட்டியில வைச்சு அடுக்கினனோ தெரியாது.

— தையல்காரி வீட்டில கத்தரிக்கோல் இல்ல. சரியாப் போச்சு. காணாமப் போனதைத் தேடித்தாற அந்தோனியாருக்கு நேந்துகொள்ளுங்கோ. மிஸ்டர் ஹெக்டர், உங்கட கையில சவரக்கத்தி இருக்கு. அதைத் தாங்கோ.

— சவரக்கத்தியாலயா? தரேலாது. கூர் போயிடும். யுத்த காலத்தில வேற ஒண்டு எங்க வாங்கிறது?

— ஓகோ! இப்பதான் விளங்குது. கத்தி உங்கட கையில. கல்லு உங்கட தலைக்கு மேல. நூலை வெட்டிக் கல்லை விழுத்தினது நீங்கதான்!

— நானா?

— வேற ஆர்? குண்டு எண்டு கூப்பாடு போட்டு, விசில் ஊதி, என்ட கரத்தைக்காரனைத் துரத்தினது ஆர்? முதல் விசிலுக்கு அவன் ஓடேல்ல, தெரியுமா? வெத்திலையைச் சப்பிக்கொண்டு நிண்டவன். ரெண்டாவது விசிலுக்குத்தான் மாட்டை அவிட்டவன்!

— ரெண்டாவது விசில் ஆபத்து நீங்கினதுக்கு எண்டு மிஸ்டர் ஹெக்டர் சொன்னாரே, தம்பி.

— அக்கா, ஆபத்துக்கு விசில், ஆபத்து நீங்கினாக் கைமணி எண்டு ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டிப் படிப்பிச்சது இவர்தானே! பிழைச்சு ஊதினவரா இவர்?

— மிஸ்டர் ஹெக்டர்?

— ...பிழைச்சு ஊதேல்ல.

— என்ட மாதாவே.

— முதலாவது விசில் உண்மையாப் பயந்து ஊதினது. ரெண்டாவது, நீங்க இண்டைக்கே போறன் எண்டு சொன்னதால ஊதினது. வாசலில கரத்தை நிக்குது எண்டீங்க. மாடு வெருண்டா ஒரு நாளாவது மிஞ்சும் எண்டு நினைச்சன். தொப்பியைப் பறிக்கிறதெண்டாப் பறிக்கட்டும்.

— ஒரு நாள் மிஞ்சி என்னத்துக்கு?

— பந்தல்ட ரெண்டு கால் உங்கட வளவில, ரெண்டு கால் என்ட வளவில. ஒரு பக்கம் ஆள் இல்லாட்டி சாஞ்சுபோகும், மிஸ் கொன்ஸ்ரன்ஸ்.

— பந்தலைப் பற்றிப் பேசாம மனுசரைப் பற்றிப் பேசுங்கோவன், வார்டன்! எனக்கே வேர்க்குது.

— நான் தனிக்கட்டை, தம்பி. எனக்குத் தெரிஞ்சது வண்டுக்குச் சாம்பல், வேருக்கு மீன் தண்ணி. காய் முத்தினது மூண்டு கிழமைக்கு முதலே தெரியும். வெட்டுங்கோ எண்டு சொல்ல வாய் வரேல்ல. அதுதான் என்ட குற்றம். ஆனா கொச்சிக்கடை அந்தோனியார் மேல சத்தியம், கல்லு விழுந்தது என்ட வேலை இல்ல. கல்லைப் போட்டு நானே பயந்து நடுங்குவனா?

— அப்ப ஆர்? பூனையா? இந்தாங்கோ கல்லு. நூல் நுனியைப் பாருங்கோ. அறுந்த நூல் எண்டாத் தும்பு பிரிஞ்சிருக்கும். இது கச்சிதமா வெட்டுப்பட்டிருக்கு. பூனை கத்தரிக்கோல் பிடிக்குமா? அக்கா, நீங்க ஏன் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறீங்க?

— கரத்தையில ஏத்தின பெட்டியை இறக்கி உள்ளுக்கு வை, தம்பி. கத்தரிக்கோலை அதுக்குள்ள தேடாத. இவரை வேலியடிக்கு வரவைக்கக் கொஞ்சம் முன்னம் கல்லு நூலை வெட்டின கையோட என்ட இடுப்பிலயே சொருகிப்போட்டன்.